முன்னால் வந்த முதுகு

ஏக்கம் என்கிற நோயை மனித இனம் முற்றிலும் ஒழித்துவிட்டது என்று சேந்தன் அறிவித்தான். அறிவித்தபோது அவன் தலைகீழாக மிதந்தபடி பல் துலக்கிக்கொண்டிருந்தான். வலம்புரி விண்நிலையத்தில் மேல், கீழ் என்று எதுவும் கிடையாது என்பதால் இதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

"ஏக்கம்னா வேற ஒண்ணுமில்ல கோதை. வீடு மாறினது தெரியாத நரம்பு, பழைய வீட்டுக் கதவையே தட்டிட்டிருக்கு. அவ்வளவுதான்."

அவன் மனைவி பூங்கோதை வலது கையை நீட்டிச் சுவர்க்கம்பியைப் பிடித்து இழுத்தாள். உடனே அவளுடைய வலது மார்பு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஒருமுறை துள்ளி அடங்கியது.

"பாத்தியா, தட்டுது," என்றான் சேந்தன்.

புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மார்புக்குப் பதிலாக, நிலையத்து மருத்துவர்கள் அவள் முதுகுத் தசையில் ஒரு பகுதியைத் தோலோடும் நரம்போடும் அப்படியே திருப்பி முன்னால் கொண்டுவந்து புது மார்பு அமைத்திருந்தார்கள். நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால் தான் இடம் மாறிய செய்தி அந்தத் தசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் எதை இழுத்தாலும், தன்னைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று முன்னாலிருந்தே கிளம்பிவிடும்.

பூமியில் இது சின்னத் தொல்லை. எடையற்ற வலம்புரியிலோ கால் என்பது வெறும் அலங்காரம். கம்பியை இழுத்து இழுத்துப் போவதுதான் நடை. முதுகுத் தசை போனால் பாதிக் கால் போன மாதிரி. தோளும் கையும் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். குடியிருப்பிலிருந்து அவள் வேலை பார்த்த கீரைக்கூடம் வரையிலான நீண்ட குழாய்ப்பாதையை அவள் தனியாகக் கடந்து காட்டினால் இங்கேயே இருக்கலாம். தவறினால் அடுத்த கப்பலில் பூமிக்கு. அங்கே காலால் நடந்துகொள்ளலாம் என்பது மருத்துவக் குழுவின் கருணை. சேந்தனுடைய பணி ஒப்பந்தம் அவனை இங்கிருந்து நகர விடாது.

பயிற்சி கொடுத்தது சுவரோடு ஊர்ந்து வரும் எட்டுக் கை இயந்திரம். எல்லோரும் அதை வாத்தியார் என்றார்கள்.

"தோள்பட்டையைக் கீழே இறக்குங்கள். நன்று. மூச்சைப் பிடிக்காதீர்கள். நன்று."

"எது செஞ்சாலும் நன்றுங்குது," என்றாள் பூங்கோதை.

"தெம்பா இருக்கட்டும்னு நான்தான் எழுதி வெச்சேன்."

"எழுதி வெச்சதுக்கு நீயே சொல்லியிருக்கலாம்."

சேந்தன் நரம்புப் பொறியாளன். அவன் தயாரித்த மறதி ஊசி உடம்பில் ஏறினால் நரம்பு பழைய வீட்டை மறந்துவிடும். பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் போடுவான். பிறகு அவர்கள் மழை வாசனைக்காக மூக்கை உறிஞ்சமாட்டார்கள். போடுமுன் பழைய படத்துண்டு ஒன்றைக் காட்டிச் சிரிக்கவைப்பான். அதில் ஒரு ரயில் நிலையம். ரயில் போய்விட்டது. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்துவிட்டது. நடைமேடையில் ஒருவர் இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கிறார். "யாருக்கு? தண்டவாளத்துக்கா?" என்பான் சேந்தன்.

"ஒரு ஊசி போட்டுக்கோ. துள்றது நின்னுடும், தேறிடுவே."

"வேணாம்."

"ஏன்னு கேட்டா மட்டும் சொல்லாதே."

வலம்புரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவரை வீட்டிலிருப்பவர் முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளிவிட வேண்டும். அந்த வேகத்தில் கொஞ்ச தூரம் சும்மாவே போய்விடலாம். இதற்கு அன்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் தள்ளிவிட ஆளில்லாதவர்கள் சுவரை உதைத்துக் கிளம்பும்போது மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு சேந்தன் தள்ளவில்லை. காயம் ஆறட்டும் என்றான். ஆறியதும் வாத்தியாருக்கு ஒன்பதாவது கை பொருத்தி அந்த வேலையை அதனிடம் கொடுத்தான். வேகம் துல்லியமாக இருக்கும் என்றான். உண்மையில், அவள் முதுகில் குழிந்து கிடந்த தழும்பைத் தொட அவனுக்குப் பயம்.

தேர்வு நாளன்று குழாய்ப்பாதையின் வாசலில் வாத்தியார் ஒன்பதாவது கையை நீட்டியது.

"அதை மடக்கச் சொல்லு. நீ தள்ளு," என்றாள் பூங்கோதை.

சேந்தன் தழும்பையொட்டி உள்ளங்கையை வைத்தான்.

"வெச்சாச்சா?"

"வெச்சு நேரமாச்சு."

"தெரியலையே. அங்க மரத்துப் போச்சு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் கையை எடுத்துப் புது மார்பின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பத் தெரியுது. முதுகுல."

"முதுகுலயா?"

"நீ தினம் வைப்பியே, அதே இடத்துல. குளிக்கறப்ப கை பட்டு ஒருநாள் கண்டுபிடிச்சேன். இந்தத் தோலுக்கு இன்னும் முதுகுங்கற நெனப்புதான். ஊசி போட்டா இதுவும் போயிடும்ல?"

மறதி ஊசியைத் தயாரித்தவன் ஆமென்று தலையாட்டினான்.

"நன்று," என்றது வாத்தியார்.

"தள்ளு சேந்தா."

"வலிக்கும்."

"மெதுவாத் தள்ளு. அதுக்காக ரொம்ப மெதுவா வேணாம்."

தள்ளினான். வலம்புரியின் வரலாற்றில் முதன்முறையாக ஒருத்தி பின்பக்கமாக வேலைக்குப் போனாள். முதுகில் தள்ளப்பட்டவர்கள் தள்ளியவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

வேகம் தணிந்ததும் திரும்பிக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். மார்பு துள்ளியது. முகம் சுளித்து, தோளை இறக்கி, மூச்சை விட்டு, அடுத்த கம்பியைப் பிடித்தாள். அந்தத் தசையால் அவளுக்கு ஒரு உபகாரமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கூடவே கிளம்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை பிடி நழுவிச் சுவரில் இடித்தாள். சேந்தன் வாய்திறக்குமுன் மறுபடி பிடித்துவிட்டாள். பிறகு வளைவில் மறைந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கீரைக்கூடத்துப் பச்சை விளக்கு எரிந்தது.

"சேர்ந்துவிட்டார். நன்று," என்றது வாத்தியார். குழாய்ப்பாதையில் கம்பிகளைத் தவிர ஒன்றுமில்லை. இயந்திரம் சேந்தன் பக்கம் திரும்பியது. "உங்கள் வலது கை உயர்ந்திருக்கிறது. இப்படியும் அப்படியும் அசைகிறது. இது எந்தப் பயிற்சி?"

சேந்தன் அவள் மறைந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோள்பட்டையைக் கீழே இறக்குங்கள்," என்றது வாத்தியார்.

தோள்பட்டையை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, அவன் தொடர்ந்து அசைத்துக்கொண்டிருந்தான்.