லிஃப்ட் குழியில் திறந்த செங்கல் வழி

"உள்ள போயிட்டு வரேண்ணே! புதையல் கெடைச்சா ஆளுக்குப் பாதி!"

தவமணியின் காதில் வாயை வைத்துக் கத்திவிட்டு, இருதயம் பொந்துக்குள் தலையை நுழைத்தான்.

ராயபுரத்தில் அடுக்குமாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய நாற்பதடி ஆழப் பள்ளம் அது. தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஊற்றுநீருக்கு ஏது பண்டிகை? தண்ணீர் இறைக்கும் இவர்கள் இருவர் மட்டும் பாக்கி. பம்பு இரைச்சலில் பேச்சு எடுபடாது. வேலை நேரம் முழுக்கக் கைஜாடைதான். மேலே வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம், தவமணிக்கு ஊரிலிருக்கும் பிள்ளைகளின் நினைவு வந்தது. பண்டிகை நாளில் இப்படித் தனியாகக் கிடக்கிறோமே என்றிருந்தது.

பள்ளத்தின் மூலையில் லிஃப்டுக்காக இன்னும் ஆழமாக ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அன்று காலை அதில், மண் சரியாமலிருக்கச் சுற்றிலும் இறக்கிய பைல் தூண்கள் இரண்டுக்கு நடுவே மண் உதிர்ந்து, பழைய செங்கல் கால்வாய் ஒன்று தெரிந்தது. ஒருவர் தவழ்ந்து போகலாம். உள்ளே அது மேடாக ஏறிக்கொண்டு போனது.

இருதயத்தின் பாதம் மறைந்தது. மறு நிமிடமே பொலபொலவென்று மணல் சரிந்து வழியை அடைத்தது!

"டேய் இருதயம்!"

தவமணி மண்வெட்டியால் வாரினார். வார வார மணல் இறங்கியது. தண்ணீர்தான் மணலைத் தள்ளுகிறது, வற்றவைத்தால் நின்றுவிடும் என்று இரண்டாவது பம்பையும் போட்டார். பம்புக்காரர் புத்தி! குழி வற்றியது. ஆனால் பம்பு கக்கிய தண்ணீர் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தது. ஐயோ, தண்ணீரோடு மணலையும் அல்லவா இழுக்கிறது! இருதயத்தின் வழியைத் தானே அடைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது.

பள்ளத்தில் போன் எடுக்காது. ஏணியேறி ஆள் கூப்பிட நேரமில்லை. 'என்ன ஆனாலும் பம்பை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் வேலை போய்விடும்' என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தவமணி இரண்டு பம்பையும் நிறுத்தினார்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. கான்கிரீட் போடப் புதிதாகக் கட்டிய கம்பியெல்லாம் மூழ்கியது. குழியில் தண்ணீர் ஏற ஏற, மணல் ஓட்டம் தளர்ந்து நின்றது! பம்பு இரைச்சல் ஓய்ந்த பள்ளத்துக்குள் ஒரு சத்தமில்லை. இவ்வளவு தனிமையை அவர் அறிந்ததே இல்லை.

"டொக்... டொக்..." உள்ளிருந்து செங்கல்லைத் தட்டும் ஒலி!

"மேட்டுக்கு ஏறுடா! தண்ணி அங்க வர நேரமாகும்! நான் இங்கதான் இருக்கேன்!"

கத்திக்கொண்டே மூச்சடக்கி முங்கினார். கையாலேயே மணலைப் பறித்தார். மூன்றாவது முறை முங்கியபோது விரல்கள் தட்டுப்பட்டன. மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு! இருதயம் இருமிக்கொண்டே தண்ணீருக்கு மேல் வந்தான்.

"புதையல் எங்கடா?"

"முட்டுச்சுவருண்ணே. ஒரு மண்ணும் இல்ல. உங்க குரலு மட்டும் கேக்கலேன்னா, அங்கேயே பைத்தியம் புடிச்சிருக்கும்."

மேலே ஏறியதும் தவமணியே இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"பம்பை நிறுத்தினியா? கம்பி பூரா முங்கியிருக்குமே!"

"முங்கிடுச்சு சார். ஆளு முங்கல."

இருதயம் பொந்துக்குள் மாட்டிக்கொண்டதைத் தவமணி சொல்லி முடித்தார். "பையனுக்கு ஒண்ணும் அடிபடலையே?" என்று குரல் இறங்கி வந்தது.

"இல்ல சார். மணல் மூட்டை அடுக்கி அந்த ஓட்டைய அடைக்காம, இனி பம்பைப் போட மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, தன் காய்ந்த சட்டையை இருதயத்திடம் கொடுத்தார். இருவரும் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, மதியம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.