தாமதம் குறைகிறது

மச்சினனின் செய்திகள் காலையிலிருந்தே திக்கின. மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் கடலில் மூழ்கும் டைவர் வேலைக்கு வந்தவன் வேறெப்படிப் பேசுவான் என்று, நங்கூரமிட்ட கப்பலின் சிறிய அறையில், டீசல் நாற்றத்துக்கும் ஈர இரும்பின் வாடைக்கும் நடுவே ஹெட்போனைக் காதில் அழுத்தியபடி இன்ஜினியர் அலுத்துக்கொண்டான்.

எழுநூற்றைம்பது மீட்டர் தள்ளி, கடலடிக் குழாயருகே மச்சினன்; அவனுக்கு மேலே அவனை இறக்கிவிட்ட படகு. அவன் கருவியில் டைப் அடிக்கும் செய்தி நீருக்குள் ஒலியாகத்தான் போய், இங்கே திரையில் எழுத்தாக வரும். ஒவ்வொரு செய்திக்கு முன்னும் கருவி 'க்ரீச்' என்று சோதனை ஒலி விடும். எதிர்க்கருவி பதிலுக்கு ஒலிக்கும். அதை வைத்துத் தண்ணீரின் நிலையை அளந்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். நேற்றைய மழையில் கடல் கலங்கியிருந்ததால் இன்று எழுத்தெழுத்தாக ஊர்ந்தது.

"தண்ணி சரியில்ல அத்தான், மெதுவாவே இருக்கட்டும்" என்று இறங்கும்போதே சொல்லியிருந்தான்.

"ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம்" என்று முனகி, இரு கருவிகளின் வேகத்தையும் இன்ஜினியர் உச்சத்தில் பூட்டினான்.

அப்புறம் வந்ததெல்லாம் குப்பை. நாற்பது நிமிடம் குப்பை. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. மக்குப் பயல், டைப் அடிக்கக்கூடத் தெரியவில்லை. சலித்துப்போய்ப் பூட்டை எடுத்தான். கருவி அளந்தது. அடிவேகத்துக்கு இறங்கியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அத்தான், கால் மாட்டிக்கிச்சு. தூக்கச் சொல்லுங்க.'

வாக்கி டாக்கியில் படகோட்டியைக் கூப்பிட்டான்.

"இப்பதான் தூக்கினோம் சார். ரொம்ப நேரமா ஆளக் காணோமேன்னு இறங்கிப் பாத்தோம். வலையில கால் சிக்கியிருக்கு. தம்பிக்கு மூச்சு இல்ல சார்."

"உளறாத! இப்பகூட டைப் பண்றான்!"

"கருவி என் கையிலதான் இருக்கு சார். அணைஞ்சு கிடக்கு."

கடல் மேல் பழியைப் போட்டுவிடலாம். அதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அப்படிப்பட்ட ஆள். திரையில் அடுத்த வரி ஓடியது.

'அக்காகிட்ட என்ன சொல்வீங்க அத்தான்?'

ஒலி போய்த் திரும்ப ஒரு நொடி ஆக வேண்டும். திரையில் தாமதம் அரை நொடி. கால் நொடி. வேகம் ஏறிக்கொண்டே போனது. ஒரு பிழை இல்லை. நடுவில் தண்ணீரே இல்லாததுபோல.

'பதில் சொல்லுங்க அத்தான்.'

ஹெட்போனைக் கழற்றி வீசினான். சோதனை ஒலி நிற்கவில்லை. அறைக்குள். முதுகுக்குப் பின்னால். காதருகே.

தாமதம், பூஜ்யம்.

வாயை இறுக மூடிக்கொண்டான். பல்லிடுக்கில் உப்பு நீர் கசிந்தது. உதடுகள் தாமாகத் திறந்தன. எதிர்க்கருவி தர வேண்டிய பதில் ஒலி அவன் தொண்டையிலிருந்து கிளம்பி, மூச்சு விடக்கூட இடம் தராமல் ஒலித்துக்கொண்டே இருந்தது.