முப்பத்தெட்டாவது பதிவு

திரையில் பதிவுகளின் எண்ணிக்கை காலையில் முப்பத்தேழு என்று இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முப்பத்தெட்டு.

சனிக்கிழமை மதியம். ஏசியின் ஓயாத இரைச்சலும், யாரோ மேசையில் விட்டுப்போன ஆரஞ்சுத் தோலின் புளித்த வாடையும், பாதி இறக்கிய திரைகள் தரையில் போட்ட நீண்ட நிழல்களும் தவிர அந்த மாடியில் அவளுக்குத் துணை இல்லை. டீம் லீட் போனில் வந்தார்.

"ஏம்மா, ஆபீஸையே கட்டிக்கப் போறியா? மறைப்புல ஒரு சோதனைக் கணக்கு ஆறு மாசமா மாட்டிக்கிட்டு இருக்கு பாரு. துடைச்சிட்டுக் கிளம்பு."

"யார் வச்சது சார்?"

"உன் பேருதான் நிக்குது."

அவர்கள் கம்பெனி இணையக் குழுக்களுக்கான கருவிகளைச் செய்து விற்கிறது. அவற்றைச் சோதிப்பது அவள் வேலை. 'மறைப்பு' அதில் ஒன்று. வம்பு செய்கிறவனை வெளியே தள்ளாது. அவன் எழுதுவது அவனுக்கு மட்டும் தெரியும். பதில் வராமல் சலித்துத் தானே ஓடிவிடுவான். நாகரிகமான அயோக்கியத்தனம். அதற்குத்தான் சம்பளம்.

கணக்கைத் திறந்தாள். அக்கா.

பத்தாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்து இவளைப் பட்டதாரியாக்கிய அக்கா. குழந்தை பிறந்ததும் புதுத் தாய்மார்களின் குழுவில் இவள்தான் சேர்த்துவிட்டாள். அன்றைக்கே சோதிக்க ஒரு நிஜக் கணக்கு தேவைப்பட்டது. பத்து நிமிட வேலை, அக்காதானே. மறைத்தாள். வேலை செய்தது. கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனாள். எடுக்க மறந்தாள்.

"ஏன்டி, பெரிய குழுன்னு சொன்னே, ஒரு ஈ காக்கா பதில் போடலை?" என்று அக்கா போனில் சிரித்தாள்.

"எல்லாம் கைக்குழந்தைக்காரிங்கக்கா. தூங்குவாங்க."

பதிவுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள்.

'புள்ள பொறந்து ஒன்பது நாள். குளிர் ஜுரம். இது எல்லாருக்கும் வருமா?'

'ரெண்டு போர்வை போட்டும் பல்லு தந்தியடிக்குது. யாராச்சும் சொல்லுங்களேன்.'

முப்பத்தேழாவது: 'யாரும் ஒண்ணும் சொல்லலை. அப்ப எல்லாருக்கும் வர்றதுதான் போல.'

மறுநாள் விடிவதற்குள் அக்கா செத்துப்போனாள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

முப்பத்தெட்டாவது, இன்று மதியம் இரண்டு பத்துக்கு.

'இன்னும் குளிர் விடலை. இது எல்லாருக்கும் வருமா?'

ஏசி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. குளிர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

துடைத்துவிடலாம். கணக்கோடு, மறைத்தவள் என்று நிற்கும் இவள் பெயரும் போய்விடும். அக்காவின் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவராது. விரல் அந்தப் பொத்தான் வரை போனது. பிறகு விலகி மற்றதை அழுத்தியது.

மறைப்பை நீக்கவா? ஆம்.

பதில்கள் கொட்டின. 'அம்மா தாயே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.' 'இது சாதாரண ஜுரம் இல்லைடி.' 'யாரையாவது கூட்டிட்டுப் போ, தனியா இருக்காதே.' நாற்பது, எழுபது, நூறு. முகம் தெரியாத பெண்கள். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரே ஒருத்தி சொல்லியிருந்தால் போதும்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முப்பத்தொன்பது. 'அப்பாடா, எல்லாரும் இருக்கீங்களா? நன்றிங்க. போறேன். தங்கச்சி ஆபீஸ் பக்கத்துலதான். அவ கூட்டிட்டுப் போவா.'

லிஃப்ட் திறக்கும் சத்தம்.

ஈரத் துணி தரையில் இழுபடும் சத்தம்.

நின்றது.

திரும்ப முடியவில்லை. திரும்பினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு போர்வை. இரண்டிலும் மண். உள்ளங்கைகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அந்த உடம்பின் நடுக்கத்தில் கதவு சட்டத்தோடு கடகடத்தது. மூச்சின் ஆவி படிய வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

கதவைத் திறக்கும் அட்டை இவள் கழுத்தில்.

நீலம் பாரித்த முகத்தில் கோபம் துளியும் இல்லை. தங்கச்சியைப் பார்த்துவிட்டேன், இனி பயமில்லை என்கிற முகம். அது சிரித்தது. சிரிப்புக்குள் பற்கள் அடித்துக்கொள்வது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.