சாய்ந்த கை

ரேணுகாதேவியின் முன்கூடத்தில் சோபா கிடையாது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு செதுக்குப்பொறி நின்றது. அவளே கட்டியது. சிங்காநல்லூரில் அப்போது வீட்டுக்கு வீடு இதே கூத்துதான். பழகுபசை வந்த பிறகு டன் கணக்கில் இரும்பு வாங்க யாருக்கென்ன பைத்தியமா?

பொறியின் குறுக்கே நிற்கும் சட்டம் துளி வளைந்தாலும் வெட்டு கோணிப்போகும். ரேணுகா இரண்டு சதுரக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முறுக்காமலிருக்கத் தகடுகளால் பிணைத்து, உள்ளே பசையை நிரப்பியிருந்தாள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பாரம் திரும்பத் திரும்ப விழுகிறதோ அதைப் பசை பழகிக்கொள்ளும். மறுநாள் அதே நேரத்துக்குத் தானே எதிர்த்துத் தள்ளும். சட்டம் இம்மியும் அசையாது.

இப்போது அசைந்தது. தினமும் முற்பகலில், ஜன்னலோர முனை மேலே எழும்பியது. காற்றாலை இறக்கையை வார்க்கும் அச்சு இரண்டு பாழாயின. மூன்றாவதும் போனால் இனி வீட்டுப் பட்டறைகளுக்கு வேலையே கிடையாது என்று அச்சு கேட்ட கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அசைவை அளக்கும் டயல் கேஜைச் சட்டத்திலேயே மாட்டிப் பார்த்தாள்: சுத்தமாகப் பூஜ்யம். அடச்சே, சட்டத்தோடு சேர்ந்து அதுவும் எழும்பினால் வேறென்ன காட்டும்? தரையில் ஊன்றி வைத்ததும் முள் நகர்ந்தது. எழும்பிய இடத்தைத் தடவினாள். ஒரு முழங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்திருந்தது.

அவள் கணவன் நாச்சிமுத்து தினமும் டீ குடித்துக்கொண்டு, சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசும் இடம் அது. அதற்காகத்தான் போன மாதம் சண்டை. "சாஞ்சுக்கச் செவுரு வேணும்னா உங்கம்மா ஊட்டுக்குப் போங்க" என்றாள். அவனும் பொள்ளாச்சிக்குப் போய்விட்டான். பசை மட்டும் இல்லாத பாரத்தை இன்னும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

மணல் மூட்டையை வைத்துப் பார்த்தாள். நாச்சிமுத்து பேச்சுக்குப் பேச்சு கையை ஆட்டுகிறவன். பசை அந்த ஆட்டத்தையும் பழகியிருந்தது; மூட்டையோ சும்மா கிடந்தது. முள் அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் போன் போட்டாள்.

"ஏனுங்க, காலைல வந்துருங்க."

"கோவம் தீந்துருச்சா?"

"அதெல்லாம் தீரல. சட்டத்து மேல சாயோணும்."

மறுநாள் வந்து சாய்ந்தான். முள் கீழே இறங்கியது. செதுக்குமுனை சீராக ஓடத் தொடங்கியது.

"எத்தன நாளைக்கு இப்படி நிக்கோணும்?"

"நீங்க சாயாம இருந்தா பசை ஆறு மாசத்துல மறந்துரும்."

"சாஞ்சா?"

"மறக்காது."

"அப்ப ஆறு மாசம் மெஷினை நிறுத்திப்போடு."

"இந்த அச்சு நல்லா வந்தா வருசம் பூரா வேல இருக்குதுங்க."

நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டான். கையும் ஓய்ந்தது. முள் மறுபடி ஆடியது.

"பேசுங்க" என்றாள் அவசரமாக.

"டீ இல்லாம பேச்சு எப்படி வரும்?"

அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவன் திரும்ப வந்ததில் நிம்மதியாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நம்ம எதிர்வீட்டுக்காரன் இருக்கானே..."

"சொல்லுங்க" என்றாள் ரேணுகா, முள்ளைப் பார்த்தபடி.