மாடியில் போட்ட வட்டம்

கொடியில் கிடந்த துணிகள் அசையவில்லை.

காந்தா அதைத்தான் முதலில் கவனித்தாள். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இரைந்தது. கீழே சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுப்பது மொட்டைமாடி வரை கேட்டது. தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி தடதடத்தது. வெயிலில் காய்ந்த சிமென்ட் வாசனைக்குள் எண்ணெய் நெடி ஒன்று மெல்ல இறங்கியது. இவ்வளவு தாழ வந்தால் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு பறக்க வேண்டிய லுங்கி தொங்கியது தொங்கியபடி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மாலை நான்கு மணி வானம். ஒன்றும் இல்லை.

ஹெலிகாப்டர்களை நிறுத்தி அன்றோடு ஒன்பது நாள்.

அதற்கு முன் ஐந்து மாதம், ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி பகலெல்லாம் தொம்மலூர்க் கூரைகளின் மேலேயே பறந்தது. விமான நிலையத்தில் ஏறி, அல்சூர் ஏரியைக் காட்டிவிட்டுத் திரும்பும். ஜன்னல்களில் முகங்கள் தெரியும். சிலர் கையாட்டுவார்கள். காந்தாவின் கணவன் ராஜேந்திரனுக்கு அடுகோடிப் பட்டறையில் இரவு ஷிப்ட், தூக்கம் பகலில்தான். அது இல்லாமல் போய், ஒரு விடியற்காலை மெஷின் முன் நின்றபடியே கண்ணயர்ந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியாகிவிட்டன.

"இன்னொரு தபா கண்ண மூடினா விரலோட நிக்காதும்மா," என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து காந்தா சண்டைக்கு நின்றாள். வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். சத்தம் கேட்டதும் தெருப் பெண்கள் தட்டும் கரண்டியுமாக மாடிக்குப் போய் அடித்தார்கள். மேலே இருப்பவனுக்குக் கேட்காது என்று தெரியும். ஆனாலும் அடித்தார்கள். மேலிருந்து பார்க்கட்டும் என்று காந்தா தன் மாடியில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு, நடுவே இரண்டு கோடுகளைக் குறுக்காக இழுத்தாள். வராதே.

விமான நிலையத்தில் டேங்கர் ஓட்டும் பக்கத்து வீட்டுச் சந்தானம் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இருமினான்.

"காந்தாக்கா, எறங்கற எடத்துலதான் வட்டம் போடுவாங்க. வெத்தல பாக்கு வெச்சி கூப்ட்டுட்டியே!"

"எறங்கட்டும். கரண்டியாலயே வாங்கிட்டுப் போவட்டும்."

யாரும் இறங்கவில்லை. உத்தரவு வந்தது, பறப்பது நின்றது. அன்று காலை ஏழு மணிக்குப் படுத்த ராஜேந்திரன் மாலை ஐந்து வரை குறட்டை விட்டான். சன்னமாகத் தொடங்கி, ரம்பம் போல ஏறி, ஒரு கணம் நின்று, விசிலோடு இறங்கும் குறட்டை. காந்தா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெயித்தது அதைத்தான்.

இப்போது இந்தச் சத்தம்.

எதிர்வீட்டு நோராவிடம் கேட்டாள். "அதான் நிப்பாட்டிட்டாங்களே," என்றாள் நோரா. "அஞ்சு மாசம் கேட்டு உன் காதுலயே குடி வந்துடுச்சி. போய்ப் படு, உங்க வீட்டுக்காரர் மாதிரி."

மறுநாள் வட்டத்தை அழித்துவிடுவது என்று வாளியும் துடைப்பமுமாக மாடியேறினாள். நான்கு மணி. இரைச்சல் வந்தது. வட்டத்தின் மேல் நிழல் ஒன்று விழுந்தது, தண்ணீரில் கரைத்த மை போல, ஓரம் கலங்கி. வானம் வெறுமையாகத்தான் இருந்தது. குனிந்து வாளியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

வாளித் தண்ணீரில் தெரிந்தது. அடிவயிறு. சுழலும் விசிறி. நான்கு ஜன்னல்கள். மூன்றில் முகங்கள். யாரும் கையாட்டவில்லை. வட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் வீட்டைப் பார்த்தார்கள். நான்காவது ஜன்னல் காலி.

தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை.

வாளியைக் கவிழ்த்தாள். சிமென்ட் தெரியும்வரை சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினாள். துடைப்பக் குச்சிகள் முறிந்தன. நிறுத்தவில்லை.

மாலையில் ராஜேந்திரன் காபியோடு உட்கார்ந்து சோம்பல் முறித்தான்.

"நல்லா தூங்கினீங்களா?"

"அடிச்சிப் போட்ட மாதிரி. கனவு வேற. அல்சூர் ஏரி எவ்ளோ சின்னது தெரியுமா காந்தா? தோச மாதிரி கெடக்குது."

"எங்கேர்ந்து பாத்தீங்க?"

"மேலேர்ந்துதான்," என்றான் அவன், டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தபடி.

அடுத்த நாள் காலை மாடிக்குப் போனாள். வட்டம் இருந்தது. முன்பைவிட வெள்ளையாக. ஈரச் சுண்ணாம்பின் வாசனை. தொட்டாள். விரலில் ஒட்டியது.

வேலையிலிருந்து வந்தவனிடம் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாள் தூங்காதீங்க."

"வெளையாடறியா? அஞ்சு மாசம் கழிச்சி இப்பதான் கண்ணு மூடுது. நீதானே சண்ட போட்டு வாங்கிக் குடுத்த?"

தூங்காமல் போனால் இரவில் மெஷின். அவன் புரண்டு படுத்தான். குறட்டை தொடங்கியது.

மூன்றே முக்காலுக்கு அவன் அறைக் கதவை வெளியே பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மாடியேறி, வட்டத்தின் நடுவில் நின்றாள். வாளியைக் காலருகே வைத்தாள்.

"வா," என்றாள். "என் மேல எறங்கு பாக்கலாம்."

வந்தது.

தொட்டி மூடி தடதடத்தது. எண்ணெய் நெடி தொண்டையில் கசந்தது. நிழல் விழுந்தது. நேற்று கலங்கி இருந்த ஓரம் இன்று கத்தியால் வெட்டியது போல். சுருங்கியது. தாழ்ந்தது. அவள் தோளில் குளிர்ந்தது. காந்தா நகரவில்லை. தட்டை ஓங்கி அடித்தாள். ஒரு அடி. இன்னொன்று.

துணிகள் அசையவில்லை.

சட்டென்று இரைச்சல் நின்றது. தெரு அமைதி. எங்கோ ஒரு ஆட்டோ. அவள் காதைத் தீட்டினாள். கீழே பூட்டிய அறையிலிருந்து வர வேண்டிய குறட்டை.

வரவில்லை.

பிறகு கேட்டது. சன்னமாகத் தொடங்கி. ரம்பம் போல ஏறி. ஒரு கணம் நின்று. விசிலோடு.

மேலேயிருந்து.

வாளியைப் பார்த்தாள். நான்கு ஜன்னல்களிலும் முகங்கள். நான்காவது முகம் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து. நல்ல தூக்கம். கண்ணாடியில் பதிந்த வலது கையில் இரண்டு விரல்கள் பாதி.

சாவி இடுப்பில் உறுத்தியது.

"எழுந்திருங்க!"

தட்டை அடித்தாள். நெளியும்வரை அடித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் சொல்லாத பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"ராஜேந்திரா! எழுந்திரு! தூங்காதே!"

எதிர்வீட்டில் நோரா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். வெற்று வானம். வட்டத்துக்குள் நின்று தட்டடிக்கும் காந்தா. அவள் தலைக்கு மேல், அல்சூர் பக்கம் மெதுவாகத் திரும்பிப் போகும் குறட்டை.

காந்தா அடிப்பதை நிறுத்தவில்லை.