சத்தம் போடாத டிஸ்க்

மலர்க்கொடி "ம்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மோகனா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் தொடைகளுக்கு நடுவே சொருகிக் கிடந்தன. அப்படியிருக்கக் கட்டில் சட்டத்தை யார் தட்டியது?

அந்த வீட்டில் அது ஓர் ஏற்பாடு. ஏழு வயது மோகனாவுக்கு வீசிங். திருவொற்றியூரில் வீசிங் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காற்று ஒரு பக்கமிருந்து சாம்பலையும் மறுபக்கமிருந்து கந்தக வாடையையும் கொண்டுவந்து கொட்டுகிற ஊர். மூச்சு இழுக்கத் தொடங்கினால் மோகனாவுக்கு முதலில் குரல் போய்விடும். கூப்பிட வராது. அதனால் கட்டிலின் மரச்சட்டத்தில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டுவாள். மலர்க்கொடி திரும்பாமலே "ம்" என்பாள். கதை சொன்னால் பிள்ளை ம் கொட்டும் என்பது ஊர் வழக்கம். இங்கே பிள்ளை தட்ட, தாய் ம் கொட்டினாள். நான் இருக்கிறேன், பயப்படாதே என்பதெல்லாம் அந்த ஒற்றை ம்மில் அடக்கம். பயம் அடங்கினாலே இழுப்பு பாதி அடங்கிவிடும். அடங்காவிட்டால் பிள்ளை மறுபடி தட்டுவாள், தாய் வாயில் வைத்து அழுத்தும் மருந்து பம்பை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

திரும்பாமல் சொன்னதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. புருஷன் குமாரவேல் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவன். கடலுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆள் கிடையாது. ஹார்பர் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் காகிதங்களை வாங்கிவந்து இவள் வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுத்தாள். பிளக் பாயின்ட் ஜன்னல் பக்கச் சுவரில்தான் இருந்தது, எனவே மேசையும் அங்கே. கம்ப்யூட்டரின் கேபினெட் மேசைக்கு அடியில், இவள் முழங்காலை ஒட்டி. கட்டில் முதுகுக்குப் பின்னால். கண்ணால் பார்க்க முடியாத பிள்ளையைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தட்டியது கம்ப்யூட்டர்தான் என்று அன்று முடிவு கட்டினாள். அந்த ஹார்டு டிஸ்க் ஆரம்பத்திலிருந்தே ஒரு பேய் இரைச்சல். மாவு மில் ஓடுகிற மாதிரி ஓடும். இரைச்சலுக்குள் ஏதேதோ கேட்கும். யோசித்துப் பார்த்ததில், பிள்ளை தட்டாதபோதும் எத்தனையோ தரம் ம் சொல்லியிருப்பதாகத் தோன்றியது. அது போனால் போகிறது. பிள்ளை நிஜமாகவே தட்டி, இரைச்சலில் தன் காதில் விழாமல் போயிருந்தால்? அந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டோல்கேட்டில் ராசையாவின் கம்ப்யூட்டர் கடை. கேபினெட்டை ஆட்டோவில் வைத்து, மோகனாவையும் கூட்டிக்கொண்டு மறுநாளே போனாள். தனக்கு வேகமும் வேண்டாம், நிறைய இடமும் வேண்டாம், சத்தம் மட்டும் போடக்கூடாது என்றாள். இப்படிக் கேட்டு வந்த ஆள் இதுவரை ஒருத்தருமில்லை என்று ராசையா சிரித்தார். புதிதாக மூன்று டிஸ்க்குகளை எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்தார். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லட்சணத்தில் என்ன கேட்கும்? மெக்கானிக் இன்ஜினுக்குப் பார்க்கிற மாதிரி, ஸ்க்ரூடிரைவர் முனையை டிஸ்க் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். முதல் டிஸ்க்கில் வண்டு பறந்தது. இரண்டாவதில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே கேட்காமல், ஒயர் செருக மறந்துவிட்டாரோ என்று பார்த்தாள். இது குண்டு பேரிங் இல்லை, எண்ணெய்க்குள் சுற்றுகிறது, அதனால்தான் என்றார். அதையே போடச் சொன்னாள். திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் வேறு கொடுத்துப் பொருத்தினார்.

கழற்றிய பழைய டிஸ்க்கையும் ஸ்க்ரூடிரைவர் வைத்து வெகுநேரம் கேட்டவர், இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"தட்டுதுன்னியேம்மா. இதுல தட்ற சவுண்டே இல்ல. சும்மா எரைஞ்சிகினு கீது, அவ்ளோதான்."

வருஷக்கணக்கில் பஸ் ஹாரன் கேட்ட காது, அதற்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு மலர்க்கொடி ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் அப்படியொரு நிசப்தத்தை அவள் கேட்டதில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கல்லில் அலை மோதுவது, மேல்வீட்டுச் சிலுவையம்மாள் செருப்பைத் தேய்த்து நடப்பது, கன்டெய்னர் லாரி பிரேக் போடுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகுக்குப் பின்னால் மோகனாவின் மூச்சு. உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில், வெளியே வரும்போது ஒன்றுமில்லை. கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே டைப் அடித்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம். டொக் டொக்.

"ம்."

பின்னால் மூச்சு சீராக இருந்தது. விசில், அமைதி. விசில், அமைதி. பிள்ளை தூங்குகிறாள். மலர்க்கொடியின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. கம்ப்யூட்டரை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கையில் பிளக்கோடு நின்றாள்.

டொக் டொக்.

மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அவள் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து. குனிந்து பார்த்தாள். கேபினெட், சுவர், நடுவே ஒரு பிள்ளை குந்துகிற அளவுக்குக் காலி இடம். பதில் வராததால் அது மறுபடி தட்டியது, கொஞ்சம் அழுத்தி.

குமாரவேல் கரைக்கு வந்ததும் சொன்னாள். சிரிப்பான் என்று நினைத்தாள். மீன் வாடை அடிக்கும் கைலியோடு அவன் மேசைக்கு அடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ ம் கொட்னியா?"

"புள்ளன்னு நெனைச்சி."

"கடல்ல இருட்டுல எவனாச்சும் கூப்ட்டா, டார்ச் அட்சி மூஞ்சியப் பாக்காம நாங்க கொரல் குடுக்க மாட்டோம். குட்த்துட்டா அது நம்ம ஆளுன்னு ஏறிக்கும். எத்தினி நாளா கொட்னுகினு கீறே?"

கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல். அவன் எழுந்தான். மேசையைத் திருப்பி, கட்டிலைப் பார்த்து உட்காரும்படி போட்டான். பிளக்குக்கு நீள ஒயர் இழுத்தான். அடுத்த நடை முடிந்து வந்ததும் எர்ணாவூரில் வேறு வீடு பார்க்கலாம் என்றான். அதுவரை மூஞ்சியைப் பார்க்காமல் ம் சொல்லாதே என்று, லாஞ்சுக்குப் போகும்போது வாசலில் நின்று இன்னொரு தரம் சொன்னான்.

பார்த்துத்தான் சொன்னாள். மோகனா தட்டினால் கண்ணால் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பிறகு ம். அடியிலிருந்து வருவதற்குப் பதிலே இல்லை. முதலில் அது கோபமாகத் தட்டியது. பிறகு இடைவெளி விட்டுத் தட்டியது. நாளாக ஆக, தட்டு மெலிந்துகொண்டே வந்தது. விட்டுப் போகிறது என்று மலர்க்கொடி உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டாள்.

அப்புறம்தான் அதன் மூச்சு கேட்டது.

இரைச்சலான டிஸ்க் இருந்திருந்தால் கேட்டிருக்காது. இழுக்கும்போது ஒரு சின்ன விசில். அப்படியே மோகனாவின் விசில். கட்டிலில் பிள்ளை மூச்சை விடும்போது, மேசைக்கு அடியில் அது இழுத்தது. பதில் கிடைக்காத பிள்ளை ஏங்கி ஏங்கி இழுப்பு வாங்குகிற மாதிரி இருந்தது. மலர்க்கொடிக்குப் பயத்தோடு வேறொன்றும் வந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் ம் சொல்லி வளர்த்துவிட்டு இப்போது வாயை மூடிக்கொண்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு டைப் அடித்தாள்.

ஒரு நாள் மதியத்திலிருந்தே காற்று இல்லை. வானம் இறங்கி, புகையை ஊர் மேலேயே அமுக்கி வைத்திருந்தது. மோகனாவுக்கு இழுப்பு கூடிக்கொண்டே போனது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். மாலைப் பூசைக்கு மணியடித்ததும், சிலுவையம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று மலர்க்கொடி எழுந்தாள். முதலில் ஒரு பம்பு கொடுத்துவிடலாம் என்று அலமாரியிலிருந்து மருந்தை எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு வேளைக்கு வரும்.

கரண்ட் போனது.

தெரு முழுக்கப் போயிருந்தது, வெளியேயும் இருட்டிவிட்டது. கண்ணுக்கு முன்னால் கை தெரியவில்லை. "அம்மா வரேன், தட்டும்மா" என்றாள்.

டொக் டொக்.

டொக் டொக்.

இரண்டு இடத்திலிருந்து. இரண்டு விசில்கள். கட்டில் எந்தப் பக்கம்? மேசையைத் திருப்பியதிலிருந்தே இருட்டில் அவளுக்குத் திசை பிடிபடவில்லை. கையை நீட்டித் துழாவிக்கொண்டு நடந்தாள். முழங்காலில் நாற்காலி இடித்தது. சுவர் வரவில்லை. கட்டில் வரவில்லை.

ஒரு சின்னக் கை வந்தது.

வியர்த்து, சூடாக, அவள் விரல்களைப் பிடித்தது. பிள்ளை பயந்துபோய்க் கட்டிலிலிருந்து இறங்கிவந்துவிட்டாள். மலர்க்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்து மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எலும்பு எண்ணுகிற மாதிரி ஏறி இறங்குகிற நெஞ்சு. கன்னத்தைத் தடவி வாயைக் கண்டுபிடித்து மருந்தை வைத்து அழுத்தினாள். இழுத்துக்கொள் கண்ணு, உள்ளே இழு. இன்னொரு தரம் அழுத்தினாள். மூன்றாம் தரம் வெறும் காற்று வந்தது. மருந்து தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, போதும். மடியில் விசில் மெல்ல மெல்ல இறங்கியது. நெஞ்சு அடங்கியது. இரண்டு கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவளுக்கு அழுகை பொங்கியது.

முதுகில் சின்ன விரல்கள் இரண்டு தட்டு தட்டின.

"ம்" என்றாள், மனம் நிறைந்து.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டு கேட்டது. மரச்சட்டத்தின் மேல். மெலிந்து.

நான் ஏமாற மாட்டேன். மலர்க்கொடி மடியில் இருந்ததை இறுக்கி அணைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். தட்டு, விட்டு விட்டு. இடையில் விசில். கூச்சலிடவும் மூச்சில்லாத ஒரு விசில். அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு, குரலாகக்கூட இல்லாமல், வெறும் காற்றாக:

"யம்மா... நான் இங்க கீறேன்."

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பியது. அதன் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து சுவரில் ஊர்ந்து கட்டிலின் மேல் ஏறியது. மோகனா கட்டிலில்தான் இருந்தாள். சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, உதடு நீலம் பாரித்து. ஒரு கை சட்டத்தின் மேல். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் நகர்ந்து போய்விட்டது.

மலர்க்கொடி எழப் பார்த்தாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் விடவில்லை. இழுத்தாள். இறுகின. கத்தினாள். குரல் வரவில்லை. காலை உதைத்துக் கட்டில் பக்கம் நகரப் பார்த்தாள். மடி கனத்தது. கீழே குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு தட்டு. ஒன்றுதான். அதற்கு இணை வரவில்லை.

அவள் முதுகில், பொறுமையாக, செல்லமாக, டொக் டொக்.

"ம்" என்றது மலர்க்கொடியின் வாய்.