முன்னால் நிற்பவள்

தங்கை "இடது" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா இடது பக்கம் நகர்ந்துவிட்டாள்.

மூடுபனியில் மலை இறங்கும் முறை எளிமையானதுதான். போகவேண்டிய திசையை வரைபடத்தில் அளந்து, திசைகாட்டியில் பொருத்திக்கொண்டு ஒருத்தி பின்னால் நிற்பாள். மற்றவள் கண்ணுக்கெட்டும் எல்லைவரை முன்னே போய், முதுகு காட்டி நிற்பாள்; திரும்பினால் இடது வலது குழம்பிவிடும். பின்னவள் சொல்லச் சொல்ல நகர்ந்து, திசைகாட்டி காட்டும் கோட்டுக்கு வந்ததும் கையை உயர்த்துவாள். பின்னவள் போய்ச் சேர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. பயிற்சி வகுப்பில் இருவரும் சேர்ந்து கற்றது.

புறப்படும்போது, திரும்பக் கூடாது என்று தங்கை நினைவூட்ட, அக்கா சிரித்தாள்: "கண்ணாடிய தலையில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுறவ நீ. உன்ன நம்பித்தான் இன்னிக்கு என் உயிர்."

உண்மைதான். முகட்டின் இரு பக்கமும் வரைபடத்தில் உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு கூடும். ஒட்டிக் கிடந்தால் செங்குத்துப் பாறை. திசை தவறினால் இருவரும் கீழே.

ஈரமண் வாசனையோடு பனி கனத்துக்கொண்டே வந்தது. அக்காவின் சிவப்பு மழைக்கோட்டு மட்டும் முன்னால் மங்கலாகத் தெரிந்தது. தங்கை நெருங்குமுன்பே அது மறுபடி நடக்கத் தொடங்கியது. இருட்டுவதற்குள் சாலையைப் பிடிக்கும் அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த முறை வேண்டுமென்றே வாய் திறக்காமல் இருந்தாள். சிவப்பு முதுகு தானாகவே நகர்ந்து, திசைகாட்டி காட்டிய கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்று, கையை உயர்த்தியது.

அக்காவிடம் திசைகாட்டி கிடையாது.

தங்கை கூப்பிட்டாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. காற்று பலமாக வீசியும் அந்த மழைக்கோட்டு சரசரக்கவில்லை.

பின்னாலிருந்து, வெகு தூரத்தில், அக்காவின் குரல் மூச்சிரைக்க வந்தது.

"எங்கடி போற? கையத் தூக்கிட்டு எவ்ளோ நேரமா நிக்கிறேன். என்னைத் தாண்டியே போயிட்ட."

தங்கை குரல் வந்த பக்கம் திரும்பினாள். வந்த வழியே திரும்பக் கணக்குப் போட வேண்டாம். முள்ளின் மறுமுனையை வடக்குக் குறியில் வைத்தால் போதும், திசை நேரெதிராகிவிடும். வைத்தாள். நடந்தாள்.

சிவப்பு மழைக்கோட்டு. உயர்த்திய கை. முதுகு.

"அக்கா, திரும்பு."

"திரும்பக் கூடாதுன்னு நீதானே சொன்ன" என்றது அக்காவின் குரல்.

தங்கை பின்னால் பார்த்தாள். அங்கேயும் ஒரு முதுகு.

இரு பக்கமும் பாறைச் சரிவு.

உயர்த்திய கைகளை இறக்காமல், முகத்தைத் திருப்பாமல், குதிகால் முன்னே வர, இரண்டும் அவளை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து வந்தன.